முகத்துக்கு நேரே சொன்னவர்

செய்தி வந்தபோது நான் ஒரு பேச்சைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். வெள்ள நிவாரணத்துக்காக மத்திய அரசு ஒதுக்கும் பணம் யார் கைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது பற்றி எங்கள் கட்சியின் மாநிலங்களவை உறுப்பினர் அடுத்த வாரம் தில்லியில் பேசவிருக்கும் பேச்சு அது. "நிலம் யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவருக்கே பயிர் நிவாரணம் என்ற விதி சரியானதே" என்ற வரிக்கு வந்திருந்தேன். அப்போதுதான் ஸ்ரீரங்கத்திலிருந்து வரதன் சாரின் மனைவி கோமளா மாமியின் போன் வந்தது. "வசந்தி, மாமா ஆசார்யன் திருவடி சேர்ந்துட்டார்டி. கார்த்தால காபி கொண்டுபோய் வச்சேன், எழுந்துக்கவே இல்லை" என்றார். மாமி அழவில்லை, நான்தான் அழுதேன். அந்த வரியை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பினேன்.

வரதன் சாரை உங்களில் பலர் அறிவீர்கள். விற்பனை வரி வக்கீலாகச் சிலருக்குத் தெரியும், ஒரு தவணை மாநிலங்களவையில் இருந்தவர் என்று சிலருக்குத் தெரியும். சிலர் அவரை வாய்க்கு வந்தபடி திட்டியிருப்பீர்கள். திட்டியவர்களுக்குத்தான் அவரை நன்றாகத் தெரியும் என்று நினைக்கிறேன். திட்டு வாங்குவதற்கென்றே இடம் தேடிப் போன அரசியல்வாதியை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

நான் பொன்மலை ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவள். அவர் உறுப்பினரானபோது அவர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். சேர்ந்த புதிதில் அவர் சொன்னது இது: "முகத்துக்கு நேரா சொல்ல முடியாததை மைக்ல சொல்லப்படாது, வசந்தி." ஏதோ மேடைப் பேச்சு என்று நினைத்துத் தலையாட்டிவைத்தேன். அடுத்த மாதமே புரிந்துவிட்டது. வரியோ, செலவோ, கட்டுப்பாடோ, எதைப் பற்றி அவையில் பேசுவதாக இருந்தாலும், அந்தப் பேச்சால் யாருக்கு அடி விழுமோ அவரைத் தேடிப் போய், எதிரே உட்கார்ந்து, "நான் இப்படிப் பேசப்போறேன், உங்களுக்கு இதனால நஷ்டம்" என்று சொல்லிவிட்டுத்தான் தில்லிக்கு விமானம் ஏறுவார். மாநிலங்களவை உறுப்பினர் ஜனங்களிடம் போய் ஓட்டுக் கேட்க வேண்டியதில்லை. இந்த அலைச்சல் அவருக்கு எந்த வகையிலும் தேவையில்லாதது. கட்சியில் இதைச் சொல்லிச் சிரித்தார்கள்.

அவரைத் துணிச்சல்காரர் என்று இரங்கல் கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். தவறு. அவர் பெரிய பயந்தாங்கொள்ளி. ஒவ்வொரு தடவையும் வண்டியைத் தெருமுனையிலேயே நிறுத்தச் சொல்வார். ஜீரகத் தண்ணீர் குடிப்பார், கண்ணாடியைத் துடைப்பார். "வயித்தைக் கலக்கறது, நாளைக்கு வரலாமா?" என்று என்னைக் கேட்பார். நாளைக்கு விமானம் இருக்கிறது என்பேன். "சரி, வா" என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு இறங்குவார். கூட நடக்கிற எனக்கும் அந்தக் கலக்கம் தொற்றிக்கொள்ளும்.

மலைக்கோட்டைக்குக் கீழே ஜவுளி மொத்தக் கடை வைத்திருந்த ஒரு பாயிடம் போன நாள் நன்றாக நினைவிருக்கிறது. துணி மீதான வரியை ஆதரித்துப் பேசப்போவதாக அவரிடம் சொல்ல வேண்டும். கடையில் நல்ல கூட்டம். சார் சொல்லி முடித்ததும் பாய் தராசுத் தட்டைப் பார்ப்பதுபோல் அவரையே கொஞ்ச நேரம் பார்த்தார். "வரி போடறவங்க யாரும் இந்தப் படி ஏறி வந்ததில்லீங்க. வந்ததுக்கு நன்றி. ஆனா இன்னைக்கு உங்களுக்கு டீ கிடையாது" என்றார். சார் கும்பிட்டுவிட்டு எழுந்தார். வரியை ஆதரித்துத்தான் பேசினார். ஆனால் சிறு கடைக்காரர்களுக்குக் கணக்குக் காட்ட அவகாசம் வேண்டும் என்று பேச்சில் ஒரு வரி கூடியிருந்தது. பெரும்பாலும் அவ்வளவுதான் நடக்கும். நிலை மாறாது, ஒரு வரி மாறும். பாய் பின்னாளில் டீ கொடுத்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆற்று மணல் அள்ளக் கடுமையான கட்டுப்பாடு வேண்டும் என்று பேசுவதற்கு முன்னால் கொள்ளிடக்கரை லாரிக்காரர்களிடம் போனோம். வண்டியைச் சுற்றி நின்றுகொண்டார்கள். ஒருவர் பானெட்டின் மேல் கையால் ஓங்கித் தட்டினார். அப்படியும் சார் வண்டிக் கண்ணாடியை இறக்கிவிட்டு, நடுங்குகிற குரலிலேயே சொல்ல வந்ததை முழுதாகச் சொல்லி முடித்தார். திரும்பும் வழியில் பாலம் தாண்டிய பிறகு, "திட்டறவாளைக் கண்டா பயமா இருக்கு. திட்டாதவாளைக் கண்டா இன்னும் பயமா இருக்கணும்" என்றார். அது எவ்வளவு உண்மை என்பது அவருக்கே பிறகுதான் தெரிந்தது.

கொள்ளிடத்தில் வெள்ளம் வந்து லால்குடிப் பக்கத்து நெல் வயல்கள் முழுகின வருடம் அது. மத்திய நிவாரண நிதியைச் செலவழிப்பது பற்றி அவையில் விவாதம். பதிவில் பெயர் உள்ள நில உரிமையாளருக்கே பணம் என்பது விதி. சார் அதை ஆதரித்தார். அவர் கெட்ட எண்ணத்தில் ஆதரிக்கவில்லை. வாழ்நாள் முழுக்க வரி வக்கீலாக இருந்து போலி ரசீதுகளைப் பார்த்துப் பார்த்துச் சலித்தவர். ஆவணம் இல்லாமல் கொடுத்தால் பாதிக்கப்பட்டவனுக்கு முன்னால் போலி வந்து வரிசையில் நிற்பான் என்று உண்மையிலேயே அஞ்சினார்.

வழக்கம்போல் அந்தப் பக்கத்து ஊர் ஒன்றுக்குச் சொல்லப் போனோம். அந்த ஊர்க் கட்சிக்காரர் ஒரு விவசாயியை எங்களுக்காக வரவழைத்திருந்தார். வெள்ளை வேட்டி, நல்ல மரியாதை. சார் பயந்து பயந்து விஷயத்தைச் சொன்னார். அந்த மனிதர், "இதுல என்னங்க தப்பு? அதுதானுங்களே நியாயம்" என்றார். எங்களுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார். சாருக்கு உயிர் வந்தது. திரும்பும்போது வழியில் வண்டியை நிறுத்தச் சொல்லி இட்லி சாப்பிட்டார். இப்படிப்பட்ட நாட்களில் அவர் சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. எனக்கென்னவோ யாருமே திட்டவில்லையே என்று உறுத்திக்கொண்டே இருந்தது.

பேசிவிட்டு வந்தார். நல்ல பேச்சு என்று கட்சியில் பாராட்டினார்கள். சில நாள் கழித்து ஸ்ரீரங்கத்து வீட்டுக்கு ஒரு பெண்மணி வந்தார். பெயர் அஞ்சலை. லால்குடியிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தார். கத்துவார் என்று நினைத்தேன், கத்தவில்லை.

"அய்யா எங்க ஊருக்கு வந்து விவசாயிகிட்ட சொல்லிட்டுப் போனீங்கன்னாங்க. அவரு நெலத்துக்காரருங்க. அந்த நெலத்துல குத்தகைக்கு நட்டது நாங்க. தண்ணில போனது எங்க நெல்லு. பணம் அவரு பேருக்கு வந்துருக்கு. எங்ககிட்ட எப்ப சொல்ல வருவீங்கன்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

சார் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். நியாயம் என்று சொன்னவருக்கு அந்த விதியால் லாபமே தவிர நஷ்டம் ஏதுமில்லை. கேட்க வேண்டிய முகத்தை விட்டுவிட்டு வேறு முகத்திடம் சொல்லி, அதையும் சொன்னதாகக் கணக்கில் வைத்துக்கொண்டுவிட்டார். இப்படி ஒரு தவறை அவரால் மட்டும்தான் செய்ய முடியும். மற்றவர்கள் யாரிடமுமே போய்ச் சொல்வதில்லையே. "அம்மா, நான் உங்களுக்கு விரோதமா பேசிட்டேன். முன்னாடியே வந்து சொல்லியிருக்கணும், சொல்லலை" என்றார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அஞ்சலை, "இப்ப சொல்லிட்டீங்களே, சரிங்க" என்றார். மாமி கொடுத்த மோரைக் குடித்துவிட்டுப் பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

அடுத்த கூட்டத்தொடரில் சார் எழுந்து, சென்ற முறை தான் பேசியது தவறு, குத்தகைக்கு உழுபவருக்கும் நிவாரணம் சேர வழி செய்ய வேண்டும் என்று சொன்னார். அலுவலகத்து டிவியில் பார்த்தேன். கட்சியின் நிலை அது அல்ல. அவையை விட்டு வெளியே வருவதற்குள் தலைமையிலிருந்து அவருக்குப் போன் வந்துவிட்டது. அடுத்த முறை அவருக்கு வாய்ப்பில்லை என்பதும் அன்றே முடிவாகிவிட்டது. விதி மாறவில்லை. அஞ்சலைக்கு அந்த வெள்ளத்துக்கான பணம் கடைசிவரை வரவேயில்லை. இதைச் சொல்லாமல் அவரைப் புகழ்ந்தால் அவரே எழுந்து வந்து என்னைக் கோபிப்பார். "விதி மாறலை, வசந்தி. என் பேச்சுதான் மாறித்து. அதை வச்சு அவ என்ன பண்ணுவா?" என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறார். ஆனாலும் பதவி போன பிறகு அஞ்சலை ஊருக்குப் போய், "அடுத்து வரப்போறவர் வேற ஒருத்தர்" என்று சொல்லிவிட்டு வந்தார். அதைக்கூட முகத்துக்கு நேரேதான் சொன்னார்.

கடைசியாக அவரைப் பார்த்தபோது படுக்கையில் இருந்தார். நிவாரண விவாதம் மறுபடி வருகிறது, இப்போதைய உறுப்பினருக்கு நான்தான் பேச்சைத் தயார் செய்கிறேன் என்றேன். எழுந்து உட்காரப் பார்த்தார். "யாரைப் போய்ப் பார்த்தார்?" என்று கேட்டார். இன்னும் யாரையும் பார்க்கவில்லை என்றேன். "நாள் ஆயிடுத்தே, வசந்தி. கிளம்பச் சொல்லு, கிளம்பச் சொல்லு" என்று பதறினார். மாமி என்னைக் கோபித்துக்கொண்டார். "அவர்கிட்ட போய் இதையெல்லாம் ஏன்டி சொல்றே? ராத்திரி தூங்கவே மாட்டார்." உண்மையில் அப்படித்தான் ஆயிற்று என்று பிறகு கேள்விப்பட்டேன்.

குத்தகைக்காரர்களை நேரில் போய்ப் பார்ப்பீர்களா என்று இப்போதைய உறுப்பினரிடம் கேட்டேன். நல்ல மனிதர், இளைஞர். "அதெல்லாம் அவர் காலத்து வழக்கம் மேடம். இப்ப ஆன்லைன்ல கருத்துக் கேக்கறோமே" என்றார். கேட்பது வேறு, சொல்வது வேறு என்று அவருக்கு எப்படிப் புரியவைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

சார் காலமான அன்று அவர் வீட்டில் கூட்டம் இருந்தது. வக்கீல்கள் வந்திருந்தார்கள், கோயில் கைங்கரியக்காரர்கள் வந்திருந்தார்கள். ஓரமாக அஞ்சலை நின்றிருந்தார். சாரின் காலில் விழுந்து கும்பிட்டுவிட்டு என்னிடம் வந்தார். "நிவாரணத்தைப் பத்தி தில்லில மறுபடி பேசப்போறாங்கன்னு செய்தில சொன்னாங்க. புது எம்.பி. எங்க ஊருக்கு எந்தக் கிழமை வராரும்மா? சொன்னீங்கன்னா ஆளுகளை வயலுக்கு விடாம நிறுத்தி வைப்பேன்" என்றார்.

எந்தக் கிழமை என்று எதற்குக் கேட்கிறார் என்று எனக்கு உடனே பிடிபடவில்லை. "வந்துதானே ஆகணும்? பேசறதுக்கு முன்னாடி எங்ககிட்ட வந்து சொல்லணும்னு சட்டம் இருக்குதுல்ல. அய்யா அதை மறந்ததுக்குத்தானே அவ்வளவு வருத்தப்பட்டாரு" என்றார்.

அப்படி ஒரு சட்டம் எங்கும் இல்லை. இருந்தது ஒரு மனிதர் மட்டும்தான், அவரும் உள்ளே கிடத்தப்பட்டிருந்தார். இதை அஞ்சலையிடம் சொல்லியிருக்க வேண்டும். "வருவாரும்மா" என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டேன்.

அந்தப் பேச்சு இன்னும் அதே வரியில் நிற்கிறது. உறுப்பினருக்குத் திங்கட்கிழமை விமானம். இன்று காலையிலிருந்து மூன்று தடவை கூப்பிட்டுவிட்டேன், கூட்டத்தில் இருக்கிறாராம். அஞ்சலை ஊருக்குக் கிளம்பச் சொல்ல நேரிலேயே போய்விடலாம் என்று அவர் வீட்டுத் தெருமுனை வரை ஆட்டோவில் வந்துவிட்டு, இறங்காமல் உட்கார்ந்திருக்கிறேன். இந்தக் கடைசி வரிகளை இங்கிருந்துதான் எழுதுகிறேன். இந்த இரங்கல் குறிப்பை எழுதச் சொன்னவர்கள், வரதன் சார் எனக்கு விட்டுப்போனது என்ன என்று கேட்டார்கள். வயிற்றைக் கலக்குகிறது. இதைத்தான் விட்டுப்போயிருக்கிறார். இறங்கப் போகிறேன்.