ஊசி போடாத டாக்டர்

எழுபதுகளின் கடைசியில் ஒரு மழைக்காலம். மனைவிக்குக் காய்ச்சல். திருமலைராயன்பட்டினத்திலிருந்து பஸ் ஏறி, காரைக்காலில் வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் அழைத்துப் போனேன்.

"சாதாக் காய்ச்சல்தாங்க. கஞ்சி குடிச்சிட்டுப் படுத்திருக்கட்டும், மூணு நாள்ல எறங்கிடும்" என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இவ்வளவு தூரம் வந்ததுக்கு ஒரு ஊசிகூடக் கிடையாதா?" என்று காத்திருந்தவர்கள் காதில் விழும்படி கேட்டுவிட்டு, புதிதாகத் திறந்திருந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே ஊசி, டானிக், எக்ஸ்ரே எல்லாம் கிடைத்தன. மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. டாக்டர் என்றால் அந்த ஆஸ்பத்திரி டாக்டர்தான் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். மனைவி மட்டும், "பழைய டாக்டரும் மூணு நாளுன்னுதாங்க சொன்னாரு. கஞ்சிதான் குடிக்கச் சொன்னாரு" என்றாள்.

அடுத்த வருடம் எனக்குச் சளி. வெட்கத்தை விட்டுப் பழைய டாக்டரிடமே போனேன். கேட்காமலே ஊசியை எடுத்தார்.

"அவசியம் போடணுங்களா?"

"அவசியமில்லைங்க. போடலன்னா யாரும் திரும்பி வர மாட்டேங்கறாங்க" என்றார், வருத்தமில்லாமல்.

ஊசி வேண்டாமென்று சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மனைவி கஞ்சி வைத்தாள். ருசியாகவே இருந்தது.

வைத்தியச் செலவு ஏறிவிட்டதென்று யார் அலுத்துக்கொண்டாலும் நான் பேசாமல் இருந்துவிடுகிறேன். ஏற்றிவிட்டதில் என் பங்கும் உண்டு.