எட்டுத் தாள் குறைந்த பேய்க்கதை

பாரதி வேலை பார்க்கும் ஷூ கம்பெனிக்குள் புத்தகம் கொண்டுபோகக் கூடாது. செல்போனும் கூடாது. ஆம்பூருக்கு வெளியே, ஹைவேஸ் ஓரத்தில் இருக்கும் அந்தக் கம்பெனி வாசலில் செக்யூரிட்டிப் பெண் சோற்றுப் பையைத் திறந்து, டப்பா மூடியைக்கூட விடாமல் தூக்கிப் பார்ப்பாள். உள்ளே அப்படியென்ன வெடிகுண்டா இருக்கிறது என்று கேட்டால் ரூல்ஸ் என்பாள். ரூல்ஸாவது மண்ணாவது! பெண்கள் நாவலின் பின்னைப் பிடுங்கி, எட்டெட்டுத் தாளாகப் பிரித்து, ஆளுக்கொரு கத்தையை ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

ஷூவின் மேல்தோல் எந்த வரிசையில் மேஜை மேஜையாக நகருமோ, நாவலும் அதே வரிசையில் நகரும். முதலில் பசை தடவும் அன்னம்மாள். மறுநாள் அந்தக் கத்தை தையல் மெஷினில் இருக்கும் சின்னப்பெண் இரமுக்குப் போகும். அதற்கு மறுநாள் செக்கிங் மேஜையில் பாரதிக்கு வரும்.

எழுத்தாளர் நிசாமித்ரனைக் கண்டுபிடித்தது இரம்தான். அம்மாவைக் கண் டாக்டரிடம் காட்ட வேலூருக்குக் கூட்டிப்போன இடத்தில், பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் நடைபாதைக் கடையில் அவருடைய பேய்க்கதை ஒன்றை வாங்கி வந்தாள். மருமகளின் பீரோவுக்குள் குடியிருக்கும் மாமியார்ப் பேயின் கதை. அதைப் படித்த வாரம் ஒருத்திக்கும் வீட்டில் பீரோவைத் திறக்கத் தைரியம் வரவில்லை. பிறகென்ன, இரம் வேலூர் போகும்போதெல்லாம் நிசாமித்ரன் வந்து சேர்ந்தார்.

சாப்பாட்டுக்கு விடும் அரை மணி நேரம் சைக்கிள் ஷெட்டில் பேய்களுக்குப் பஞ்சாயத்து நடக்கும். பாரதிதான் நாட்டாமை. பேய் பழிவாங்கியதில் நியாயம் உண்டா இல்லையா என்று அவள்தான் தீர்ப்புச் சொல்வாள்.

"மாமியார்ப் பேய்க்கு நியாயமே இல்ல" என்றாள் முதல் தீர்ப்பில். "உசுரோட இருந்தப்ப பண்ண அட்டூழியம் பத்தலியா? செத்தும் பீரோ சாவி கேக்குதா அந்தக் கெழவிக்கு?"

அன்று அன்னம்மாளுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

இப்படிச் சிரிக்கவைக்கிற பாரதிக்கு வீட்டில் சிரிப்பு கிடையாது. புருஷன் கன்னியப்பன் தோல் பதனிடும் டேனரி ஒன்றில் வேலை பார்த்தவன். ஏழு வருஷத்துக்கு முன்பு கழிவுத் தொட்டியைச் சுத்தம் பண்ண இறக்கிவிட்டார்கள். விஷவாயு தாக்கி உள்ளேயே உயிர் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் உடம்பைப் பார்த்தபோது சட்டையெல்லாம் சாராய வாடை. குடித்துவிட்டு அவனாகத் தவறி விழுந்தான் என்று டேனரிக்காரர்கள் சொன்னார்கள். பாரதிக்குத் துணையாக ஆஸ்பத்திரிக்குப் போன அன்னம்மாளும், போலீஸ் கேட்டபோது, "ஆமா சார், வாடை வந்திச்சி" என்று சொன்னாள். மூக்கு இருந்தது, சொன்னாள். அதற்குமேல் அவள் யோசிக்கவில்லை.

கன்னியப்பன் குடிக்கிறவன் இல்லை. கல்யாண வீட்டில் பாட்டிலைத் திறந்தாலே எழுந்து வெளியே போகிற ஆள். பாரதி இதைப் போலீஸிடம் சொன்னாள், யூனியனில் சொன்னாள், தெருவில் போவோர் வருவோரிடமெல்லாம் சொன்னாள். "எந்தப் பொண்டாட்டிதான் ஒத்துக்குவா" என்று முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். இரண்டு வருஷம் கத்தினாள். அப்புறம் தொண்டை வற்றிப்போனது. அன்றைக்கு மட்டும் யாராவது ஊற்றிக்கொடுத்திருப்பார்களோ என்று அவளுக்கே சந்தேகம் வந்தது. வந்த சந்தேகம் போகவில்லை.

மகள் பூர்ணிமாவுக்கு அப்போது பதினாலு வயது. ஒருநாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் வராததுமாக, "அம்மா, அப்பா குடிச்சிட்டுத்தான் செத்தாரா?" என்று கேட்டாள். ஓவர்டைம் முடிந்து கால் வீங்கி உட்கார்ந்திருந்த பாரதி, "ஆமா, குடிச்சிட்டுத்தான் செத்தாரு, போ அந்தண்ட" என்று சொல்லிவிட்டாள். பூர்ணிமா அப்பாவின் போட்டோவைக் கழற்றித் துணிமூட்டைக்கு அடியில் போட்டாள். இப்போது வேலூரில் பி.காம். படிக்கிறாள். திவசத்தன்று லீவு போட்டு வீட்டில் இருக்கமாட்டாள். அந்தப் போட்டோவை மகள் கையாலேயே மறுபடி மாட்டவைத்துவிட வேண்டும், பாரதிக்கு அது ஒன்றுதான் ஆசை. எப்படி என்றுதான் தெரியவில்லை.

இந்த ஆடியில் இரம் கொண்டுவந்த நிசாமித்ரன் நாவல் ஒரு டேனரிப் பேயின் கதை. வீரன் என்ற தொழிலாளி கழிவுத் தொட்டியில் செத்துப்போகிறான். வாயில் சாராய வாடை. பிறகு பேயாக வந்து முதலாளி, மேனேஜர், சூப்பர்வைசர் என்று ஒவ்வொருவராகத் தொட்டிக்குள் இழுக்கிறான். பாரதி கத்தை கத்தையாகப் படித்துக்கொண்டே போனாள். பக்கம் நாற்பத்தெட்டுக்கு அடுத்து அறுபத்தைந்து வந்தது.

"நடுவுல ஒரு கத்தை எங்கக்கா?" என்று அன்னம்மாளிடம் கேட்டாள்.

"கொழம்பு கொட்டிடிச்சி, தூக்கிப் போட்டுட்டேன்" என்றாள் அன்னம்மாள், முகத்தைப் பார்க்காமல்.

தாள் காணாமல் போவது புதிதல்ல. பாரதி விட்டுவிட்டாள். மீதியைப் படித்து முடித்தாள். மறுநாள் ஷெட்டில் தீர்ப்பு.

யாரும் பேச்சை ஆரம்பிக்கவில்லை. பாரதியே ஆரம்பித்தாள். தன்னைத் தனியாக விட்டுப்போனவன்மேல் ஏழு வருஷமாக நெஞ்சில் அடைத்திருந்த கோபம் அன்றைக்கு வாய்வழியாக வந்துவிட்டது.

"இந்தப் பேய்க்கு ஒரு நியாயமும் இல்ல. குடிச்சிட்டு தொட்டில விழுந்தது இவன். முதலாளி இன்னா பண்ணுவான்? பொண்டாட்டி புள்ளய நடுத்தெருவுல வுட்டுட்டுப் போன பொறம்போக்குக்குப் பழிவாங்க வேற ஆசையா? இவனத்தான் நாலு சாத்து சாத்தணும்!"

ஒருத்தியும் சிரிக்கவில்லை. இரமுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அக்கா, அப்பிடிச் சொல்லாதீங்க. அவன் குடிக்கலக்கா."

அன்னம்மாள் அவள் தொடையில் கிள்ளினாள். இரம் கையைத் தட்டிவிட்டாள்.

"வுடுக்கா, என்னால முடியல. பாரதியக்கா, அந்தக் கத்தைல இருக்குது. செத்ததுக்கு அப்புறம் மேனேஜர்தான் பாட்டில வாயில ஊத்துறான், சட்டையில ஊத்துறான். உங்களுக்கு மனசு கஷ்டமா இருக்கும்னு நாங்கதான் மறைச்சி வச்சோம்."

பாரதி பிசைந்த சோற்றை அப்படியே வைத்தாள். தன் வாயாலேயே, இத்தனை பேர் நடுவில், செத்த புருஷனைப் பொறம்போக்கு என்று சொல்லியாகிவிட்டது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல் இருந்தது.

சாயங்காலம் கம்பெனி வேனில் அன்னம்மாள் அந்த எட்டுத் தாளைக் கொடுத்தாள். குழம்புக் கறை எதுவும் இல்லை. குடியாத்தம் ரோட்டின் குலுக்கலில் பாரதி இரண்டு தடவை படித்தாள்.

"இதப் படிச்சதுலேர்ந்து எனக்கு சோறு எறங்கல பாரதி" என்றாள் அன்னம்மாள். "விஷயம் தெரியாமலா நிசாமித்ரன் எழுதியிருப்பாரு? கன்னியப்பன் குடிச்சிருக்கமாட்டான். நான்தான் பாவி, வாடைய மட்டும் பாத்தேன்."

"நான் உன் வாசப்படில நின்னுக்கினு தலைல அடிச்சிக்கினு சொன்னேனே அக்கா, அப்ப நம்பலியே. முகம் தெரியாத ஒருத்தன் பேய்க்கதைல எழுதினா நம்புறியா?"

அன்னம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பாரதி அவளைச் சமாதானம் செய்யவில்லை. எதற்குச் செய்ய வேண்டும்? அழட்டும். ஆனால் வேன் ஊருக்குள் திரும்பும்போது வேறொரு நினைப்பு அவளைப் பிடித்துக்கொண்டது. இந்தக் கதையைப் படித்தவர்கள் எல்லாரும் நம்புகிறார்கள். பூர்ணிமாவும் படிக்கிற பெண். இதைப் படித்தால் நம்பாமலா போவாள்?

வீட்டில் பூர்ணிமா துணி மடித்துக்கொண்டிருந்தாள். பாரதி பையைக்கூட இறக்காமல் தாள்களை நீட்டினாள். பெண் நின்றபடியே படித்தாள். எட்டுத் தாளையும் ஒழுங்காக, ஒன்று விடாமல் படித்தாள்.

"இது பேய்க்கதைம்மா" என்றாள்.

"கதைதான். ஆனா அப்பாவுக்கும் இதான்டி நடந்திச்சி. அவரு குடிக்கல. வேணும்னா அன்னம்மாவக் கேளு."

"அவங்க ஏன்? நீதானே என்கிட்ட சொன்ன, குடிச்சிட்டுத்தான் செத்தாருன்னு."

"அது பொய்யிடி. வாய்க்கு வந்ததச் சொல்லிட்டேன். நான் பொய் சொன்னேன் பூர்ணிமா."

பூர்ணிமா தாள்களை அம்மாவின் கையில் திருப்பிக் கொடுத்தாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

"எப்பம்மா? அன்னிக்கா, இப்பவா?"