கமோட்டெஸுக்குப் போன டயப்பர்கள்

வேலையில் சேர்ந்த முதல் நாளே கிரிசாந்தா தன் மேலதிகாரியைத் "தோங்" என்று கூப்பிட்டுவிட்டாள். செபுவில் தம்பி வயதுள்ளவர்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஆனால் ரூயல் மண்டாவே கிடங்கில் சரக்குத் திட்டமிடலுக்குப் பொறுப்பானவன். வயது இருபத்தைந்து. கிரிசாந்தாவுக்கு நாற்பத்து மூன்று. அவள் அங்கே ஓராண்டுப் பயிற்சிக்கு வந்தவள்: வாரத்தில் நான்கு நாள் கிடங்கில் வேலை, ஒரு நாள் வகுப்பு.

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டதைப் பார்த்து ரூயல் சிரித்தான். "தோங்னே கூப்பிடுங்க மனாங். எங்க அக்கா அப்படிக் கூப்பிட்டுத்தான் திட்டுவா. பழகிப்போச்சு."

அன்றிலிருந்து அவள் அவனுக்கு மனாங், அதாவது அக்கா. அவன் அவளுக்குத் தோங்.

அதற்கு முன் பதினாறு வருடம், தனாவ் துறையிலிருந்து கமோட்டெஸ் தீவுக்குப் போகும் கப்பலில் வாழையிலையில் சுற்றிய புட்புட் என்ற அரிசிப் பலகாரம் விற்றுக்கொண்டிருந்தாள். பிறகு கப்பல்காரர்கள் தாங்களே உள்ளே ஒரு கடை போட்டுக்கொண்டு, கூடைக்காரர்களை ஏறவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பயிற்சி அறிவிப்பைக் கைபேசியில் காட்டியது மகள் யெலாதான்.

"சரக்கு மேலாண்மையா? நான் தூக்குனது ஒரே ஒரு கூடை."

"மழ பேஞ்சா எத்தன, திருவிழான்னா எத்தன, திங்கக்கிழமைன்னா எத்தனன்னு பதினாறு வருஷமா கணக்குப் போட்டு எடுத்துட்டுப் போனியே மா. என்னிக்காவது மிச்சம் கொண்டு வந்திருக்கியா?"

கிரிசாந்தா யோசித்துப் பார்த்தாள். ஏழெட்டு முறைக்கு மேல் இருக்காது. விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டாள்.

கற்றுக்கொள்வது சுலபமாக நடந்துவிடவில்லை. இரண்டாவது வாரத்தில் ஒரு லாரிக்குச் சரக்கேற்றும் பொறுப்பை அவளிடம் விட்டார்கள். மூன்று கடைகள். முதல் கடையின் சரக்கை முதலில் ஏற்றினாள், இரண்டாவதை அடுத்து, மூன்றாவதைக் கடைசியில். பார்க்க வரிசையாக, அழகாகத்தான் இருந்தது. பத்து மணிக்கு ஓட்டுநர் பெர்டோ ஃபோன் செய்தார்.

"மனாங், முதல் கடையோட சோப்பு எங்க இருக்கு தெரியுமா? லாரி உள்ள, என் முதுகோட ஒட்டிக்கிட்டு. முழுச் சரக்கையும் ரோட்ல எறக்கி வச்சிருக்கேன். போறவங்க எல்லாம் சந்தைன்னு நெனச்சு வெல கேக்குறாங்க."

அன்று மாலை நோட்டில் எழுதிக்கொண்டாள்: கடைசியில் இறங்குவது முதலில் ஏறவேண்டும். இன்னொரு நாள் எழுதினாள்: முன்னால் வந்த பால்மாவு அல்ல, முன்னால் காலாவதியாகும் பால்மாவே முதலில் வெளியே போகவேண்டும். யெலா அந்த நோட்டைப் புரட்டிவிட்டு, "என்னோட காலேஜ் நோட்ட விட சுத்தமா இருக்கு, வெக்கமா இருக்கு மா" என்றாள். ஏழாம் மாதத்தில் பெர்டோ தன் லாரிக்கு அவளே சரக்கேற்றவேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொள்ளும் அளவுக்கு ஆகியிருந்தாள்.

அந்த மாதம்தான் டயப்பர் விவகாரம் வந்தது.

கமோட்டெஸில் இருந்த மூன்று பெரிய கடைகளும் சேர்ந்து வாரத்துக்கு நாற்பது பெட்டி டயப்பர் வாங்குவது வழக்கம். அது எண்பதானது. பிறகு நூற்றிருபது. அதற்கடுத்த இரண்டு வாரமும் நூற்றுநாற்பது. ரூயல் கணினியில் ஏறுகோட்டைக் காட்டினான்.

"பாருங்க மனாங், தேவை எப்படி ஏறுது. மணிலாவுலேர்ந்து முழு கண்டெய்னர் சொல்லப்போறேன். வெள்ளிக்கிழமைக்குள்ள உறுதி பண்ணணும்."

கிரிசாந்தா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தோங், அந்தத் தீவுல ஒரு மாசத்துல இத்தன புள்ளைங்க எங்கேர்ந்து பொறந்துச்சு?"

பக்கத்து மேசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ரூயலும் சிரித்தான். "ஆர்டர் வந்திருக்கே மனாங்."

"ஆர்டர் வந்துச்சு, சரி. விக்குதா?"

கிடங்குக்கு வருவது ஆர்டர் மட்டும்தான். கடையில் எது விற்றது, எது மிச்சம் இருக்கிறது என்று யாரும் யாரிடமும் கேட்டதில்லை.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவள் தோரிங்குக்கு ஃபோன் போட்டாள். மூன்று கடைகளில் ஒன்றின் சொந்தக்காரி; கப்பலில் அவளிடம் பல வருடம் புட்புட் வாங்கியவள்; அவளை இந்தாய், அதாவது தங்கச்சி, என்றே கூப்பிடுவாள்.

"இத்தன டயப்பர் என்னத்துக்கு மனாங் தோரிங்?"

"அட இந்தாய், ஒங்கிட்ட சொல்றதுக்கென்ன. ரெண்டு மாசம் முன்னாடி கடல் மோசமாகி கப்பல் நின்னுச்சுல்ல? அப்ப எல்லாருக்கும் பாதிப் பாதிதான் அனுப்புனீங்க. சரி, ரெண்டு மடங்கு கேட்டா பாதி வரும், பாதிதான் நமக்கு வேண்டியதுன்னு கேட்டேன். மத்த ரெண்டு பேரும் அதையே பண்ணிருக்காங்க. பொறவு மூணு மடங்கு கேட்டோம். இப்ப பாத்தா கேட்டதெல்லாம் வருது."

கிரிசாந்தா ஓடிவந்து ரூயலிடம் சொன்னாள். அவன் முழுதாக நம்பவில்லை. "ஒரு கடைதானே மனாங். ஒங்களுக்குத் தெரிஞ்சவங்க வேற. இத வச்சு நான் மேல எப்படி எழுதுறது?"

"எழுத வேணாம். வா, போய் எண்ணிட்டு வருவோம்."

வியாழக்கிழமை காலைக் கப்பலில் கிளம்பினார்கள். கப்பல் ஊழியர்கள் அவளைக் கண்டதும் கூடை எங்கே என்று கேட்டார்கள். தன் அடையாள அட்டையைத் தூக்கிக் காட்டினாள். ஒருத்தர் மாற்றி ஒருத்தர் வாங்கிப் பார்த்து, படத்தில் மூக்கு சரியாக விழவில்லை என்று தீர்ப்புச் சொன்னார்கள். ரூயல் இதில் எதையும் ரசிக்கவில்லை. செபுவில் பிறந்து வளர்ந்தும் அவன் அந்தக் கப்பலில் ஏறியதே இல்லை. இரண்டு மணி நேரமும் ஒரு பிளாஸ்டிக் பையை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தான்.

"தீவுக்குச் சரக்கனுப்புற ஆளுக்குத் தீவுக்குப் போக முடியல" என்று அவன் முதுகைத் தடவிவிட்டாள்.

தோரிங்கின் கடைக்குப் பின்னால் இருந்த அறையில் கூரை வரைக்கும் டயப்பர் பெட்டிகள். தோரிங்கின் கணவர் தன் சண்டைச் சேவல்களின் கூண்டுகளைப் பெட்டிகளின் மேலே வரிசையாக வைத்திருந்தார். இரண்டாவது கடையில் படிக்கட்டை அடைத்துக்கொண்டு கிடந்தன. மூன்றாவது கடையில் வைக்க இடமில்லாமல் பக்கத்து வீட்டுக்காரரின் வேனில் ஏற்றி வைத்திருந்தார்கள். அவர் பத்து நாளாக வேனை எடுக்க முடியாமல் நடந்துபோய்க்கொண்டிருந்தார். இருவரும் எண்ணி முடித்தார்கள். ஏழு வாரத்துக்குப் போதுமான சரக்கு. விற்றதோ, எப்போதும்போல வாரத்துக்கு நாற்பதுதான்.

ரூயல் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தான். பிறகு தோள் குலுங்கச் சிரிக்கத் தொடங்கினான். "மனாங், நான் இதுக்கு மேல ஒரு கண்டெய்னர் சொல்ல இருந்தேன்."

"சேவலுக்கு மாடி கட்டியிருக்கலாம்" என்றார் தோரிங்கின் கணவர்.

தோரிங்குக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. "இப்ப கொறச்சுக் கேக்கச் சொல்லுவீங்க. நாளைக்கு மறுபடி கடல் பொங்குனா, கொறச்சுக் கேட்டவளுக்குக் கொறச்சல்தானே வரும்?"

நியாயமான கேள்வி. கிரிசாந்தா தன் நோட்டை எடுத்தாள். "எவ்வளவு வேணும்னே சொல்ல வேணாம் மனாங். சனிக்கிழமை தோறும் ரெண்டே நம்பர் எனக்கு மெசேஜ் பண்ணுங்க. எத்தன வித்துச்சு, எத்தன மிச்சம். அதப் பாத்து நாங்களே அனுப்புறோம். பத்தாக்கொறை வந்தா விக்கிற அளவப் பாத்துத்தான் பங்கு. சத்தம் போட்டுக் கேட்டவங்களுக்குன்னு தனியாக் கெடையாது." சொல்லிவிட்டு ரூயலைத் திரும்பிப் பார்த்தாள். பயிற்சிக்காரி வாக்குக் கொடுக்கலாமா?

"அவங்க சொல்றதுதான்" என்றான் ரூயல்.

கண்டெய்னர் சொல்லப்படவில்லை. அடுத்த ஆறு வாரம் கமோட்டெஸுக்கு ஒரு பெட்டி டயப்பர்கூடப் போகவில்லை. கப்பலில் மிச்சமான இடத்தில், பள்ளி திறக்கும் நேரத்துக்கு நோட்டுப் புத்தகங்கள் போயின. மற்ற தீவுக் கடைகளுக்கும் சனிக்கிழமை மெசேஜ் பழக்கமானது.

பயிற்சியின் இறுதித் தேர்வில் மூன்று பேர் உட்கார்ந்து கேள்வி கேட்டார்கள். டயப்பர் கதையை அவள் சொல்லி முடித்ததும் நடுவில் இருந்த அம்மாள் கேட்டார்: "இப்படி நடக்கிறதுக்குப் பாடத்துல ஒரு பேர் இருக்கு. தெரியுமா?"

"சாட்டை விளைவு மேடம். கைப்பிடி கொஞ்சம் அசைஞ்சா நுனி அவ்வளவு தூரம் வீசும். பேர அப்புறந்தான் படிச்சேன். மொதல்ல சேவல் கூண்டுக்கு அடியிலதான் பாத்தேன்."

மூவரும் சிரித்துவிட்டார்கள். அந்த அம்மாளுக்குச் சிரிப்பு நிற்கக் கொஞ்ச நேரம் ஆனது.

கிரிசாந்தாவைத் தீவுகளுக்கான திட்டமிடலில் நிரந்தரமாக எடுத்துக்கொண்டார்கள். அதிலிருந்து மூன்றாவது வாரம், புயல் வருகிறது என்று வானிலை அறிவிப்பு வந்தது. அவள் இரண்டு நாள் முன்னதாகவே பால்மாவும் டயப்பரும் கூடுதலாக ஏற்றிவிட்டாள். கப்பல் ஐந்து நாள் ஓடவில்லை. சனிக்கிழமை காலை, யெலாவோடு சிக்வாத்தே என்ற சூடான கொக்கோ பானம் குடித்துக்கொண்டிருந்தபோது தோரிங்கிடமிருந்து மெசேஜ் வந்தது.

"வித்தது பதினாலு. மிச்சம் ஒம்பது. இங்க நல்ல மழ, இந்தாய். எல்லாருக்கும் எல்லாம் கெடச்சுது."

கிரிசாந்தா அதை மகளுக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினாள்.