எட்டாம் நம்பர் அறைச் சீட்டு

டாக்டர் படிப்பு முடித்ததும் மேற்படிப்புக்கு எனக்கு மெட்ராஸில் கிடைத்த இடம் பால்வினை நோய்ப் பிரிவில். எழுபதுகளின் கடைசியில் தென்காசியில் ஒரு பெண் இதை வாய்விட்டுச் சொல்ல முடியாது. நான் பிரசவ டாக்டராக வருவேன் என்று நம்பியிருந்த அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் தானாகவே ஒரு முடிவுக்கு வந்து, "மவ தோல் டாக்டருக்குப் படிக்கா" என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். அதனால் ஒவ்வொரு லீவுக்கும் சொந்தக்காரர்களின் படர்தாமரையையும் பித்தவெடிப்பையும் பார்ப்பது என் தலைவிதி ஆயிற்று. தன் பொடுகு போகவில்லை என்று ஒரு அத்தை இன்றுவரை என்னைக் குறை சொல்கிறாள்.

படிப்பு எனக்குப் பிடித்திருந்தது. அதைச் சொல்ல வெட்கமும் இல்லை. யாரோடு, எப்போது, எத்தனை தடவை என்று ரேஷன் கார்டுக்கு விசாரிப்பதுபோல முகம் மாறாமல் கேட்கப் பழகினேன். அங்கே படித்ததில் எனக்கு மிகவும் பிடித்தது சீட்டு முறை. நோயின் பெயர் எழுதாமல் அறை நம்பர் மட்டும் போட்ட ஒரு சின்னச் சீட்டை நோயாளியிடம் கொடுப்போம். அவர் அதைத் தன் துணையிடம் கொடுக்க வேண்டும். துணையும் ஓசைப்படாமல் வந்து ஊசி போட்டுக்கொள்ளலாம். பரீட்சையில் இதைப் பற்றி நாலு பக்கம் எழுதினேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஊர்ப்பக்கமே வேலை கிடைத்தது. ஆஸ்பத்திரியில் எனக்குக் கொடுத்தது எட்டாம் நம்பர் அறை. ரகசியம் காப்பதற்காக வாசலில் போர்டு வைக்கவில்லை. ஒரே மாதத்தில் எட்டாம் நம்பர் என்றால் என்ன என்று புளியறை செக்போஸ்ட் வரைக்கும் தெரிந்துவிட்டது. ஆண்கள் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு வந்து, கூட்டாளிக்காகக் கேட்பதாகச் சொன்னார்கள். கூட்டாளிக்காக வந்தவனுக்கே ஊசியையும் போட்டு அனுப்புவேன்.

அப்போதுதான் அந்தப் பெண் வந்தாள். நாலு மாதக் கர்ப்பம். ரத்தப் பரிசோதனையில் சிபிலிஸ் என்கிற மேகநோய் என்று வந்திருந்தது. வியாபாரத்துக்காக ஊர் ஊராகப் போய்வரும் கணவனிடமிருந்து வந்தது. முன்பு இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே போய்விட்டன.

"இதுவும் தங்கலைன்னா வேற பொண்ணு பாக்கணும்னு அத்தை சொல்லுதாவ," என்றாள்.

ஊசி போட்டால் பிள்ளை பிழைக்கும், ஆனால் கணவனும் போட்டுக்கொள்ளாவிட்டால் நோய் திரும்ப வந்துவிடும் என்று சொல்லி, அவளுக்கு முதல் ஊசியைப் போட்டுச் சீட்டைக் கொடுத்தேன். அடுத்த வாரம் தனியாகத்தான் வந்தாள்.

"அவிய வரமாட்டேங்காவ. எட்டாம் நம்பர்ல யாராவது பாத்தா ஊரு சிரிக்கும்ங்காவ. சீட்டையும் காணல."

எனக்கு வந்த கோபத்தில் பரீட்சையில் எழுதிய நாலு பக்கத்தையும் கிழித்துப் போடலாம்போல இருந்தது.

இரண்டு நாள் கழித்துச் சீட்டு வந்தது, மாமியாரின் இடுப்புச் சுருக்குப்பையில். "மருமவ மறைச்சு வச்சிருந்தா. இதுக்கு என்ன குடுப்பிய டாக்டரம்மா, பால்பவுடரா, சத்துமாவா?" என்று கேட்டாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "இது உங்க மகனுக்கு உள்ளதும்மா. அவரு நேர்ல வந்தாத்தான் குடுக்க முடியும்," என்றேன்.

"வராம எங்க போவான்," என்று எழுந்து போனாள்.

ஆனிச் சாரல் விழுந்துகொண்டிருந்தது. தன் முழங்கால் வலிக்கு அருவியில் நிற்க வேண்டும் என்று மகனைக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போனவள், திரும்பும் வழியில் ஈரத்தலையோடு அவனை என் அறைக்குள் தள்ளிவிட்டாள். அலர்ஜி இருக்கிறதா என்று பார்க்க முதலில் சின்ன ஊசி. அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். அதுவரை அவள் வெளிப் பெஞ்சில் உட்கார்ந்து, வாங்கிவந்த மங்குஸ்தானை உடைத்துத் தின்றபடி, பக்கத்தில் முகத்தை மூடி உட்கார்ந்திருந்தவர்களை விசாரித்தாள்.

"ஏலே, நீ கீழப்பாவூர் மில்லுக்காரர் மவன்லா? மூஞ்சிய எதுக்குலே மூடிருக்கே? எடுலே துண்ட."

இரண்டு பேர் ஓடியே போனார்கள். உள்ளே மகனின் இடுப்பில் அருவிக் குளியலுக்குத் தேய்த்த எண்ணெய் அப்படியே இருந்ததால் ஸ்பிரிட் பஞ்சு வழுக்கிக்கொண்டே போனது. மூன்று வாரம், மூன்று குளியல், மூன்று ஊசி. ஊரில் ஒருவரும் சிரிக்கவில்லை. அம்மாவோடு வருகிறவனை யார் சந்தேகப்படுவார்கள்? அதன்பிறகு வெட்கப்பட்டவர்களிடமெல்லாம் அம்மாவைக் கூட்டிவரச் சொன்னேன். மெட்ராஸில் எந்தப் புத்தகத்திலும் இந்த வைத்தியம் இல்லை.

கார்த்திகையில் பெண்பிள்ளை பிறந்தது. நல்ல எடை, நல்ல தொண்டை. மாமியார் அதைத் தூக்கிக்கொண்டு என்னிடம் காட்ட வந்தாள்.

"பால்பவுடரைவிட நல்லதுதானே கிடைச்சிருக்கு?" என்றேன், என் சாமர்த்தியத்தை நானே மெச்சியபடி.

அவள் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். "பால்பவுடருக்கா வந்தேன்? எட்டாம் நம்பர் எதுக்குன்னு எனக்குத் தெரியாதா? சீட்டப் பாத்த அன்னைக்கே வேற பொண்ணு பாக்குறத நிறுத்திட்டேன்." பிள்ளையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள். "எனக்கும் மூணு தங்கலை டாக்டரம்மா. இவ அப்பன் நாலாவது. அப்ப இப்படி ஒரு சீட்டு யாரும் குடுக்கலை."

என் சாமர்த்தியத்தை நினைக்க வெட்கமாக இருந்தது. இழுப்பறையிலிருந்து இன்னொரு சீட்டை எடுத்து அவள் முன்னால் வைத்தேன்.

"இது யாருக்கு?"

"உங்களுக்குத்தாம்மா. ரத்தம் எடுத்துப் பாத்திருவோம்."

பிள்ளையை என் மடியில் கிடத்தினாள். முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு, கையை நீட்டினாள்.