கட்டாத சிவப்புப் பட்டை

ஆஸ்திரேலியாவின் கிப்ஸ்லாந்துப் பக்கம் யாரைக் கேட்டாலும் ரோரி நல்ல உழைப்பாளி என்றுதான் சொல்வார்கள். நூற்றைம்பது மாடுகளை ஒற்றை ஆளாகக் கறப்பவன். மழை, சேறு என்று ஒரு நாளும் முனகியதில்லை. அப்பேர்ப்பட்டவன் நாலு கிலோ எடையுள்ள சொந்த மகளிடம் தோற்றுப்போனான்.

மேவ் பிறந்து மூன்று வாரம். பகலெல்லாம் சுருண்டு தூங்குவாள். இரவு ஒன்பதடித்தால் அவள் அழுகையில் கூரை அதிரும். ரோரியின் மனைவி பிரியோனி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு சமையலறைக்கும் கூடத்துக்கும் நடையாய் நடப்பாள்.

மாடுகள் ஈனும் பருவம் என்பதால் ரோரிக்கு நல்ல சாக்கு கிடைத்தது. "ஒரு கிடாரி ஈனுற மாதிரி நிக்குது, பாத்துட்டு வந்துடறேன்" என்று கிளம்பினான். முதல் நாள் அது உண்மை. திரும்பும் வழியில் தீவன அறையில் ஐந்து நிமிடம் உட்கார்ந்தான். மூட்டைமேல் சாய்ந்தவன் நள்ளிரவில்தான் விழித்தான். மறுநாளிலிருந்து கிடாரியும் இல்லை, கன்றும் இல்லை. பன்னிரண்டு இரவுகள் அங்கேயே தூங்கினான்.

"பாவம், இன்னிக்கும் ரொம்பக் கஷ்டமா?" என்பாள் பிரியோனி.

"கன்னு குறுக்கால கெடந்துச்சு" என்பான்.

வாய் கூசாமல் புளுகினாலும் குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தான் செய்தது. "உன் புருஷன் பிள்ளையைத் தொடவே மாட்டானா?" என்று போனில் அவள் அம்மா கேட்க, "அம்மா, அவன் என்னைவிடக் கம்மியாத்தான் தூங்குறான்" என்று அவள் பரிந்து பேசியது காதில் விழுந்தது. அன்றைக்கு அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அன்றிரவும் மூட்டைக்குத்தான் போனான்.

பதின்மூன்றாம் நாள் காலை வீட்டுக் கட்டிலில் கண் விழித்தபோது சன்னலில் வெயில். கறவை நேரம் எப்போதோ தாண்டியிருந்தது. பிரியோனியையும் காணோம், தள்ளுவண்டியையும் காணோம். பூட்ஸை மாட்டிக்கொண்டு ஓடினான்.

கறவைக் கொட்டகைப் படியில் அவள் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தள்ளுவண்டியில் மேவ் தூங்கினாள். பால் தொட்டியின் அடிக்குழாய் திறந்திருந்தது. நேற்று மாலைப் பாலும் இன்று காலைப் பாலும் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தன.

"உன்னை எழுப்ப மனசு வரலை. அலாரத்தை அணைச்சுட்டு நானே கறந்தேன்" என்றாள். "எல்லாம் முடிச்சுட்டுத்தான் சுவத்துல நீ எழுதுற பலகையைப் பாத்தேன். இருநூத்திப் பதினாலாம் நம்பர் மாட்டுக்கு மடிநோய் மருந்துன்னு எழுதியிருக்கே. அதையும் தொட்டியிலயே கறந்துட்டேன். பால் லாரி வேண்டாம்னு சொல்லிட்டேன்."

மருந்து போட்ட மாட்டின் பின்காலில் சிவப்புப் பட்டை கட்டுவது வழக்கம். மருந்து கலந்தால் தொட்டிப் பால் மொத்தமும் வீண் என்பதால், பட்டையைப் பார்த்தால் அதன் பாலைத் தொட்டியில் யாரும் விடமாட்டார்கள்.

"அவ்வளவு பெரிய பட்டை கண்ணுக்குத் தெரியலை, ரோரி. நான் இப்படி இருந்தா பிள்ளையை எப்படி என் கையில விடுறது?"

ரோரியின் கை சட்டைப்பைக்குப் போனது. பட்டை அங்கேதான் இருந்தது. நேற்று மாலை மருந்து போட்டான், பலகையில் எழுதினான், இரவு வெளியே வரும்போது காலில் கட்டிவிடலாம் என்று விட்டான். இரவு நேராகத் தீவன அறைக்குப் போனான்.

வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியாது. "விடு, எல்லாருக்கும் வர்ற தப்புதான்" என்றால் பெருந்தன்மையானவன் என்ற பெயரும் கிடைக்கும். அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. அவள் தன் கைகளை நம்பாதவள்போல அவற்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் அவனுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

பட்டையை எடுத்து நீட்டினான். "கட்டியிருந்தாத்தானே தெரியும். நான் கட்டவே இல்லை. கிடாரியும் இல்லை, பிரி. பன்னெண்டு ராத்திரியும் தீவன அறையில மூட்டைமேல தூங்கிட்டு வந்தேன்."

அவள் பட்டையையே பார்த்தாள். திட்டினால் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

"குறுக்கால கெடந்த கன்னு?"

"பொய்."

"அது பொழைக்கணும்னு வேண்டிக்கிட்டேன்" என்றாள்.

மேவ் நெளிந்தாள், முகம் சிவந்தாள், அலற ஆரம்பித்தாள். பிரியோனி அவள் பக்கம் திரும்பவில்லை.

"எந்த மூட்டை?"

"சன்னலோரம் இருக்கறது."

அவள் எழுந்து தீவன அறைக்குள் போனாள். உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

ரோரி மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு கொட்டகையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடந்தான். தொட்டிப் பால் முழுதும் வடிந்து தீர்ந்த பிறகும் மேவ் அழுதுகொண்டிருந்தாள்.