உள்ளே போகாத தோட்டா

“விழட்டும், விடு! அதப் பிடிக்காதேன்னு எத்தன தடவ சொல்றது?”

சரளைக் குழியில் ஃபெக்லா கத்துவது படகுத்துறையோரம் இருக்கும் என் சமையல் கொட்டகை வரைக்கும் கேட்கிறது. சுடப் பழக வந்தவன், வெற்றுக் கூட்டை வெளியே தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றுகிற லீவரைத் தள்ளும்போதே இடது கையைத் துப்பாக்கி மேல் குவித்து, துள்ளி வந்த வெற்றுக் கூட்டைப் பிடித்துவிட்டான். எங்கள் தீவில் எல்லோருக்கும் இருக்கும் வியாதி இது. பித்தளைக் கூடுகளைச் சேர்த்து வைத்துப் பனிக்காலத்தில் மறுபடி மருந்தும் ஈயமும் அடைத்துக்கொள்கிறவர்கள் நாங்கள். கூடு சேற்றில் விழக்கூடாதே என்று லீவரைப் பூப்போல இழுப்போம். ஃபெக்லா அந்தக் கையில் ஓங்கி ஒன்று வைத்தாள். “கரடி முன்னால வந்து நிக்கறப்பவும் பொறுக்குவியா? ‘கொஞ்சம் இரு ராசா, கூட்ட எடுத்துக்கறேன்’னு அதுகிட்ட சொல்லுவியா?”

எங்கள் கோடியாக் தீவில், காட்டில் வேலை செய்கிறவர்களுக்குத் துப்பாக்கியோடு கரடிக் காவல் பார்க்கிறவர்கள் நிறையப் பேர் உண்டு. அவர்களிலேயே பெரிய வாய் ஃபெக்லாவுக்குத்தான். ஐம்பது தாண்டிய கட்டை உருவம், ஆரஞ்சு நிற ரப்பர் கால்சட்டை, தலையில் பூப்போட்ட துண்டு, கன்னத்துக்குள் எப்போதும் ஒரு துண்டு புகைபோட்ட சால்மன். அதை மென்றுகொண்டே திட்டுவாள். மீனை விழுங்கிவிட்டால் திட்டு இன்னும் தெளிவாக வரும், அவ்வளவுதான் வித்தியாசம்.

அவளுக்கு ஒரே ஒரு சட்டம். எந்தத் தோட்டாவை ஆற்றுக்குக் கொண்டுபோகிறாயோ அதே தோட்டாவைத் துப்பாக்கி நிறையப் போட்டு, நின்றபடி, நனைந்த கையுறையோடு, லீவரை அடித்து மடமடவென்று ஓட்டிக் காட்ட வேண்டும். மலிவான தோட்டாவில் பழகிவிட்டு விலை கூடியதைப் பையில் போட்டுக்கொண்டு போகிறவர்களைக் கண்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். “கழுதய ஓட்டிப் பாத்துட்டுக் குதிர மேல ஏறிப் போறானுங்க” என்பாள். கூர்முனைத் தோட்டா வாங்கி வந்த ஒரு வேட்டைக்காரனை ஊர் கூடிச் சிரிக்கும்படி செய்துவிட்டாள். லீவர் துப்பாக்கியில் தோட்டாக்கள் குழாய்க்குள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். ஒன்றின் மூக்கு அடுத்ததன் பின்புறத்தில் இடித்துக்கொண்டிருக்கும். தட்டினால் வெடிக்கிற மருந்து இருப்பதும் அந்தப் பின்புறத்தில்தான். “முன்னால நிக்கிறவன் பின்னாடி ஊசிய வச்சுக்கிட்டா வரிசையில நிப்பே? தட்ட மூக்கு வாங்குடா, தட்ட மூக்கு!”

இந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்று ஊரில் யாரும் கேட்பதில்லை. அவள் புருஷன் நிக்கிஃபோரைப் பார்த்தால் போதும். கனமான ஈயம் போட்டு நீளநீளமாய் அவன் தன் கையாலேயே தோட்டா அடைத்தான். வீட்டு மேசையில் உட்கார்ந்து நிதானமாக இழுத்தபோது அத்தனையும் உள்ளே போயின. ஆற்றங்கரையில் குட்டிகளோடு தாய்க்கரடி வந்தபோது முதல் வெடி வெடித்தது. இரண்டாவது தோட்டா குழாயை விட்டு முழுசாக வெளியே வரவில்லை. அதைத் தூக்கிக் கொடுக்க வேண்டிய தகடு அதன் அடியில் மாட்டிக்கொண்டது. லீவர் மேலேயும் வராமல் கீழேயும் போகாமல் நின்றுவிட்டது. இப்போது அவனுக்கு ஒரு கண் இல்லை, தாடை கோணல், கஞ்சியைத் தவிர எதுவும் இறங்காது. “மெதுவா இழுத்தா எல்லாத் துப்பாக்கியும் நல்ல துப்பாக்கிதான்” என்று ஃபெக்லா சொல்லும்போது யாருக்கும் சிரிப்பு வராது.

இந்த ஜூனில் அவள் மகள் மத்ரோனாவுக்கு முதல் காவல் வேலை கிடைத்தது. ஆற்றின் மேல்பக்கம் வேலி கட்டிச் சால்மன் எண்ணுகிற முகாம். எண்ணுகிறவர்கள் நாள் முழுக்கத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். கரடி வருகிறதா என்று புதரைப் பார்க்க அவள் ஒருத்திதான். முகாமை நடத்துவது கர்ட். எனக்குச் சம்பளம் கொடுப்பவரும் அவர்தான், இருந்தாலும் சொல்கிறேன்: புது டப்பாவைக் கண்டால் மயங்குகிற மனுஷன். கிளம்புவதற்கு முந்தின நாள் குழியில் மத்ரோனா வழக்கமான தோட்டாக்களை மழைபோலப் பொழிந்து ஒரு டப்பாவையே தீர்த்திருந்தாள். மறுநாள் காலை, மிதவை விமானம் படகுத்துறையில் தயாராய் நிற்கும்போது, கர்ட் அவள் கையில் வேறொரு டப்பாவைக் கொடுத்தார். மேலே வாயைப் பிளந்த கரடிப் படம்.

“இதுக்குக் காண்டாமிருகமே விழும்” என்றார்.

“விழும், உள்ள போனா” என்றாள் ஃபெக்லா. மகளை வழியனுப்பக் கிராமத்திலிருந்து காட்டுப்பாதையில் நடந்து வந்திருந்தாள். ஒரு தோட்டாவை எடுத்து விரலால் நீளம் பார்த்தாள். அவள் முகம் போன போக்கை நான் பார்த்தேன். “ஓட்டிக் காட்டு.”

“நேத்தே ஓட்டியாச்சே, அக்கா” என்றார் கர்ட்.

“நேத்து ஓடினது வேற. இத ஓட்டு.”

“அம்மா, மொத நாளே என் மானத்த வாங்காதே” என்று மத்ரோனா பல்லைக் கடித்தாள். ஆனாலும் துப்பாக்கியை நிரப்பி, ஆளில்லாத கடல் பக்கம் திருப்பிச் சுட்டாள். லீவரை வீசித் தள்ளினாள். பாதியில் நின்றது. மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை.

கர்ட் அதை வாங்கிக் குறடு வைத்து நோண்டிச் சரிசெய்தார். “பொண்ணு பயந்து பாதி இழுத்திருக்கும்.” தானே இழுத்தார். அவருக்கும் நின்றது. சிக்கியபடியே அதை அவளிடம் திருப்பிக் கொடுத்தார். அந்த ஆள் அப்போதும் வாயை மூடவில்லை. “புதுசு இல்லையா? நாலஞ்சு போனா பழகிடும். ஏறும்மா, நேரமாகுது. இல்லேன்னா சொல்லு, வேலைக்கு வேற ஆள் இருக்கு.”

பழகிவிடுமாம்! யார் உடம்பின்மேல் பழகும்? கையிலிருந்த கரண்டியால் அவர் மண்டையில் ஒன்று போடலாமா என்று தோன்றியது. ஃபெக்லா இப்போது வெடிப்பாள் என்று காத்திருந்தேன். அவளோ கன்னத்து மீனைக் கடலில் துப்பிவிட்டு மகளையே பார்த்தாள்.

மத்ரோனா சிக்கிய துப்பாக்கியைக் கர்ட்டின் கையில் திணித்தாள். “சரி முதலாளி. நான் தண்ணியப் பாத்து மீன் எண்ணுறேன். நீங்க இத வச்சுக்கிட்டு என் முதுகுக்குப் பின்னால நில்லுங்க. வாங்க, ஏறுங்க.”

கர்ட் ஏறவில்லை. துப்பாக்கியைப் பார்த்தார், விமானத்தைப் பார்த்தார். விமானி எஞ்சினை அணைத்துவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். “வேற தோட்டா இப்ப எங்கிட்ட இல்லையே” என்றார். குரல் நன்றாகவே இறங்கியிருந்தது.

ஃபெக்லா தன் தோளிலிருந்த துப்பாக்கியை இறக்கினாள். லீவரை மடமடவென்று தள்ளினாள். தட்டை மூக்குத் தோட்டாக்கள் பலகைமேல் ஒவ்வொன்றாய் வந்து விழுந்தன. சட்டைப் பையிலிருந்ததையும் கொட்டினாள். கர்ட் மறுபடி நோண்டிக் காலிசெய்து கொடுத்த துப்பாக்கியில் மத்ரோனா அவற்றைப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு லீவரை அடித்து ஓட்டினாள். எல்லாம் போனது, எல்லாம் வந்தது. மறுபடியும் ஓட்டச் சொன்னாள் ஃபெக்லா. அதற்குப் பிறகுதான் மகளின் தோளைத் தட்டி விமானத்துக்குள் தள்ளிவிட்டாள். மீந்த தோட்டாக்களையும் ஒன்று விடாமல் பொறுக்கி மகள் மடியில் போட்டாள்.

விமானம் மறைந்த பிறகு வெற்றுத் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு காட்டுப்பாதைப் பக்கம் நடந்தாள். “அக்கா, கையில ஒண்ணுகூட இல்லாமலா? இருங்க, படகு வரட்டும்” என்று பின்னாலேயே ஓடினேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அந்தப் புதர்களுக்குள் போகிறவர்கள் ஆள் வருவது கரடிக்குத் தெரியட்டும் என்று பாடுவார்கள், கை தட்டுவார்கள். ஃபெக்லாவுக்குப் பாட்டு வராது. கர்ட்டின் அப்பனில் தொடங்கி, அவர் டப்பா, அவர் குறடு, அவர் காண்டாமிருகம் என்று ஒன்று விடாமல் தொண்டை கிழியத் திட்டிக்கொண்டே புதருக்குள் நுழைந்தாள். கர்ட் துறையிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். குரல் எங்காவது நின்றுவிடுமோ என்று நானும் அடுப்பைப் பற்றவைக்காமல் நின்றேன். நிற்கவில்லை. பாதை மலைப்பக்கம் திரும்புகிற வரைக்கும் கேட்டது.