நீலத்தில் போய் வெள்ளையில் வந்தவள்

குணசுந்தரி நர்ஸாகி ஒன்பது வருஷம் ஆகிறது. வெள்ளைப் புடவையில் அவள் வேலைக்குக் கிளம்புவதைப் பார்க்கும்போதெல்லாம் என்னுடைய கருநீல நைலக்ஸ் புடவை நினைவுக்கு வந்து எனக்குக் காது சுடும். அவளுக்கு அந்த வேலையே கிடைக்காமல் செய்யப் பார்த்தது அந்தப் புடவைதான். அதை இரவல் கொடுத்தவள் நான். டெய்சி. அவளுக்குப் பக்கத்து வீடு, பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு.

1964 ஆடி மாதம். பெங்களூரில் ஒரு நர்ஸிங் பள்ளியிலிருந்து அவளுக்கு இன்டர்வியூ கடிதம் வந்தது. சுத்தமான, அடக்கமான உடையில் வரவேண்டும் என்று ஒரு வரி. என்ன நிறம் என்று போடவில்லை. அந்த ஒரு வரி சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய எங்கள் லைன் வீடுகளை ஒரு வாரம் ஆட்டிப்படைத்தது. சீட்டு கிடைக்காவிட்டால் தை மாதம் மாமன் மகனோடு கல்யாணம் என்று பேசி முடித்திருந்தார்கள். மாமன் மகன் நல்லவன்தான், தங்கமான குணம். குணாவுக்கு அவன் வேண்டாம், அவ்வளவுதான்.

அவள் அப்பா தம்மபாலன், எனக்கு மாமா, தங்கச் சுரங்கத்தில் டிம்பர்மேன். பாறை சரியாமல் மரம் முட்டுக் கொடுப்பது அவர் வேலை. அவர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

“பௌர்ணமிக்கு விகாரைக்குக் கட்ற வெள்ளைப் பொடவை இருக்குதே. அதுக்கு இன்னா கொறை?”

“வெள்ளைய மட்டும் பேச்சுலயே எடுக்காதீங்க” என்றார் ஜானகி அத்தை, குணாவின் அம்மா. “விகாரையில எல்லாரும் கட்றாங்க, அது வேற. நல்ல காரியத்துக்குப் போற பொண்ணு பெங்களூருக்கு வெள்ளையில போனா பாக்கறவங்க இன்னா நெனைப்பாங்க?”

குணாவின் அப்பா வழி மூன்று தலைமுறையாகப் பௌத்தர்கள். அத்தை வேலூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவர். வெள்ளை என்றால் அவருக்குத் தாலியறுத்தவளும் சாவு வீடும்தான்.

எதிர்வீட்டு சரோஜம்மா மஞ்சள் என்றார். கல்யாணப்பெண் வந்திருக்கிறாள் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று நான் சொன்னேன். சிவப்பு என்றதும் மாமா சிரித்துவிட்டார். “வெடி வெக்கிற எடத்துல செவப்புக் கொடிதான் நட்டு வெப்பாங்க. அதப் பாத்தா எங்களுக்கு ஓடத்தான் தோணும்.” அத்தை தன்னுடைய கிளிப்பச்சையை எடுத்துக் காட்டினார். குணா முகத்தைச் சுளித்தாள். அத்தையே மடித்து உள்ளே வைத்துவிட்டார்.

அப்போதுதான் பெரிய மனுஷி மாதிரி நான் என் கருநீலத்தைக் கொண்டுபோய் வைத்தேன். குணா தோளில் போட்டுப் பார்த்தாள். டீச்சர் மாதிரி இருந்தாள். அத்தைக்குத் திருப்தி. மாமா மட்டும் புடவையைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

“ஆடிக் காத்தும்மா டெய்சி. இதுல சைனைடு மண்ணு பட்டா இன்னா ஆவும்?”

“ஆறு மணி வண்டிங்க மாமா. காத்து எட்டுக்கு மேலதானே கெளம்பும்” என்றேன். எனக்குத்தான் எல்லாம் தெரியுமே.

சைனைடு போட்டுத் தங்கத்தை எடுத்துக்கொண்டு மிச்சம் கொட்டிய வெளிர் மண் எங்கள் ஊரில் மலை மலையாகக் கிடக்கிறது. ஆடியில் அது பறந்து வந்து சோற்றில் விழும், பாயில் விழும். கருப்பு, கருநீலம் எதையும் ஆடியில் இங்கே யாரும் உடுத்துவதில்லை. எனக்கும் தெரியும். என் புடவையில் குணா போகவேண்டும் என்கிற ஆசை என் கண்ணை மறைத்துவிட்டது.

பெங்களூர் எனக்குப் பழக்கம் என்று நானும் கூடப் போனேன். மாமா ஷிப்டு மாற்றிக்கொண்டு வந்தார். அன்று காலை எங்கள் ஊர் மாரிகுப்பம் ஸ்டேஷனில் நின்றோம். வண்டி இரண்டரை மணி நேரம் தாமதம். காற்று சரியான நேரத்துக்கு வந்துவிட்டது. வண்டியில் ஏறி உட்கார்ந்தபோது கருநீலம் சாம்பலாகியிருந்தது. குணா பாதியை உதறினாள். நைலக்ஸ் மிச்சத்தை விடவில்லை.

பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தபோது பெஞ்சில் ஏழெட்டுப் பெண்கள் பளிச்சென்று உட்கார்ந்திருந்தார்கள். எனக்குப் பதற்றம். குழாயில் கைக்குட்டையை நனைத்து வந்து அவள் கொசுவத்தை அழுத்தித் துடைத்தேன். “டெய்சி, தண்ணி வேணாம்” என்று குணா சொல்லி முடிப்பதற்குள் இடுப்பிலிருந்து முழங்கால் வரை நான்கு சேற்றுப் பட்டை. அந்த மண்ணை உதறத்தான் வேண்டும், தண்ணீர் பட்டால் பற்றிக்கொண்டு இறுகிவிடும் என்று எங்கள் ஊரில் மூன்று வயதுப் பிள்ளைக்கும் தெரியும். அன்றைக்கு அந்தப் பிள்ளைக்கு இருந்த புத்தி எனக்கு இல்லை.

குணா என்னைத் திட்டவில்லை. கொசுவத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். திட்டியிருந்தால் தேவலை. நான் அழ ஆரம்பித்துவிட்டேன்.

மாமா கூடையைத் திறந்தார். புளிச்சோற்றுத் தூக்குக்கு அடியிலிருந்து காகிதத்தில் சுற்றிய பொட்டலத்தை எடுத்து மகளிடம் நீட்டினார். மெல்லிய நீலக் கரை போட்ட அந்த வெள்ளைப் புடவை.

“போயி கட்டிக்கினு வா. உனக்கு முன்னால இன்னும் மூணு பேரு இருக்காங்க.”

“அம்மா இன்னா சொல்லுவாங்கப்பா?”

“அம்மா இங்க இல்ல.”

என்னுடைய ரவிக்கை அவளுக்குச் சேராததால் ஸ்கூல் வெள்ளை ரவிக்கையைத்தான் போட்டு வந்திருந்தாள். ஆக, தலை முதல் கால் வரை வெள்ளையாகத்தான் உள்ளே போனாள். நடுவில் உட்கார்ந்திருந்த அம்மாள் கேட்ட முதல் கேள்வியே, சின்னப் பெண் ஏன் வெள்ளை உடுத்தியிருக்கிறாய் என்பதுதானாம். எங்கள் ஊர் மண்ணைப் பற்றியும் என் கைக்குட்டையைப் பற்றியும் குணா சொல்லியிருக்கலாம்; சொல்லவில்லை.

“எங்க வூட்டுல நல்ல நாளுக்கு வெள்ளைதாங்கம்மா. நாங்க பௌத்தங்க. இன்னிக்கி எனக்கு நல்ல நாளுங்க” என்றாளாம்.

மூன்று மணிக்குப் பெயர்களை வாசித்தார்கள். குணசுந்தரி என்று கேட்டதும் நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டார். அப்பாடா என்று மூன்று பேரும் புளிச்சோற்றைத் தின்றோம். அவ்வளவு ருசியாக நான் எதையும் தின்றதில்லை.

திரும்பும் வண்டியில் கேட்டேன். “மாமா, பௌத்தமுன்னுதானே வெள்ளைய எடுத்தாந்தீங்க?”

“இல்லம்மா. வெள்ளையில அந்த மண்ணு தெரியாது, அதுக்குத்தான்” என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனார்.

வண்டி இறங்கி வீட்டுக்கு வரும் வழியில் ஆண்டர்சன்பேட்டை பஜாரில் மாமா பன் வாங்க நின்றார். எனக்கும் பசி, நானும் நின்றேன். குணா பொறுக்காமல் முன்னால் ஓடினாள். வரப்போவது எங்கள் மூவருக்குமே தோன்றவில்லை.

நாங்கள் தெருமுனை திரும்பியபோது ஜானகி அத்தை குழாயடியில் குடத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்துகொண்டிருந்தார். காலையில் நீலத்தில் போன மகள் வெள்ளையில் வருகிறாள். கூடப் போன புருஷனைக் காணோம். சுரங்கத்துக்காரன் பெண்டாட்டிக்கு இதற்கு மேல் யாரும் சொல்ல வேண்டியதில்லை.

“அப்பா எங்கடி? எங்கடி உங்கப்பா?”

“இதோ வந்துகினு இருக்கேன்” என்றார் மாமா, கையில் பன் பொட்டலத்தோடு.

அத்தை அப்படியே தெருவில் உட்கார்ந்துவிட்டார். அவரைத் தூக்கப் போன குணா, “சீட்டு கெடச்சிடுச்சும்மா” என்றாள். அத்தை அவள் முதுகில் ஓங்கி இரண்டு வைத்தார். பிறகு அவளைக் கட்டிக்கொண்டு அழுதார். வெள்ளையைப் பேச்சிலேயே எடுக்கக் கூடாது என்றவர், அந்த வெள்ளை முந்தானையை இழுத்துக் கண்ணைத் துடைத்து, அதிலேயே மூக்கையும் சிந்தினார்.